அக்காவின் சி.ஆர்.பி. எண்

அந்த எண் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று ஆய்வுக்கூடப் பொறுப்பாளருக்குப் பிடிபடவே இல்லை.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருந்தது அவருடைய ஆய்வுக்கூடம். அங்கே பெரிய எண் வந்தால்தான் ஆட்கள் ஓடுவார்கள், தொலைபேசி அலறும். சின்ன எண்ணை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று காலை அவர் தன் அக்காவின் ரத்தத்தில் சி.ஆர்.பி. அளவைப் பார்த்திருந்தார். உடம்பில் எங்காவது அழற்சி மூண்டால் கல்லீரல் ரத்தத்தில் கொட்டுகிற ஒரு புரதம் அது. சீழ் பிடித்தாலும் ஏறும், மூட்டு வீங்கினாலும் ஏறும், சாதாரணச் சளிக்கும் கொஞ்சம் ஏறும். நோய்நொடி இல்லாத ஆளிடமும் ஒரு துளி இருக்கும். அக்காவிடம் அந்தத் துளியும் இல்லை. தன்னால் அளக்க முடிந்ததற்கும் கீழே என்று இயந்திரம் கையை விரித்துவிட்டது.

இயந்திரத்தின் மேல் சந்தேகப்பட்டு, அளவு முன்பே தெரிந்த மாதிரி ஒன்றை ஓட்டிப் பார்த்தார். பிசகாமல் சொன்னது. அக்காவின் ரத்தத்தை மறுபடி ஓட்டினார். அதே பதில். கடைசியில் தன் கையை நீட்டி, தன் ரத்தத்தையே எடுத்து ஓட்டச் சொன்னார். கடைவாய் ஈறு கொஞ்ச நாளாக வீங்கியிருந்தது அவருக்கு. அந்த அற்ப வீக்கத்துக்கே அவருடைய எண் அக்காவினுடையதைப் போலப் பல மடங்கு வந்து நின்றது.

அக்காவுக்கோ வருஷக்கணக்கில் மூட்டுவாதம். விரல் கணுக்கள் ஒவ்வொன்றும் புடைத்துப் போயிருக்கும். போதாததற்குச் சில நாட்களாக அடிவயிற்றில் இடப்பக்கம் வலி என்கிறாள். அப்படிப்பட்டவளின் ரத்தம் கட்டடத்திலேயே சுத்தமான ரத்தமாக இருக்கிறது.

"உங்க அக்கா சாமியாராயிட்டாங்களா சார்?" என்றாள் டெக்னீஷியன் பெண், திரையை எட்டிப் பார்த்து. "ரத்தத்துல ஒரு கோபதாபம்கூட இல்லையே."

அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, புதிரில் தனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். எண் ஏன் இவ்வளவு குறைவு என்பது தெரியாமல் போனால் போகட்டும், எண் குறைவு என்பது உறுதி. வெப்பமானி வைத்துப் பார்த்தாயிற்று, காய்ச்சலும் இல்லை. ஆகவே வயிற்றில் கிருமி இல்லை, புண் இல்லை. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? அதற்கு அவரிடம் ஒரு பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அக்காவின் ஒரே மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை விமானம்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். பக்கத்துத் தெருதான். முன்னறையிலேயே அக்காவின் தையல் இயந்திரம், வெட்டுப் பலகை, இஸ்திரிப் பெட்டி எல்லாம். அன்று அவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய பயணப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அக்கா மகள் தரையில் உட்கார்ந்து துணிகளைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே திணித்துக்கொண்டிருந்தாள். அக்கா தையல் முக்காலியில், இடது கையால் வயிற்றைப் பிடித்தபடி இருந்தாள்.

சின்ன வயதிலிருந்தே எதையாவது விளக்கிக்கொண்டே இருப்பவர் அவர். மிக்ஸி எப்படிச் சுற்றுகிறது, லிஃப்ட் ஏன் அறுந்து விழுவதில்லை, வெங்காயம் வெட்டினால் கண் ஏன் எரிகிறது என்று யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அதற்காக அக்கா வைத்த பெயர்தான் விளக்கெண்ணெய். அது வீட்டில் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அன்றும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சி.ஆர்.பி. என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினார். காய்ச்சல் இல்லை, எண் இல்லை, ஆகையால் வயிற்றில் ஒன்றுமில்லை என்று முடித்தார்.

"ஒண்ணுமில்லன்னா ஏன்டா வலிக்குது?" என்றாள் அக்கா.

வலி வயிற்றில் இல்லை, மகள் கிளம்புகிறாளே அதில் இருக்கிறது என்றார் அவர். மனசு கிடந்து தவித்தால் வயிறு பிசைவது சகஜம் என்பதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அக்கா தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, இது அந்த மாதிரிப் பிசைவு இல்லை, ஓரிடத்தில் குத்திக்கொண்டே இருக்கிறது என்று மறுபடி ஆரம்பித்தாள். தன் எண்ணை மதிக்காமல் அவள் பேசியது அவருக்குச் சுருக்கென்றது.

"பொண்ணு பெட்டி கட்டுற நேரம் பார்த்து அம்மாவுக்கு வயித்துவலி வருது. ரத்தம் சுத்தமா இருக்கு, உடம்பு சுடலை. இதுக்கு எங்க லேப்ல பேரு கிடையாதுக்கா. வெளியில இதுக்கு நடிப்புன்னு பேரு."

அக்கா மகளின் கை பெட்டிக்குள்ளேயே நின்றது. "மாமா சொல்றது நிஜமாம்மா?" என்றாள்.

அக்கா வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். முக்காலியைப் பிடித்து எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைச் சொருகி, மகளின் சட்டை ஒன்றை விரித்து, கழுத்துப் பட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்தபடியே, "விளக்கெண்ணெய் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வலி என்ற சொல்லே வரவில்லை.

சொன்னது கொஞ்சம் அதிகம்தான் என்று வீட்டுக்கு நடக்கும்போது அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும், ஒரு பெண்ணின் எதிர்காலம் அல்லவா என்று தனக்குத் தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அவர் மனைவி அக்காவுக்கு ஒத்தாசையாகப் போய் வந்தாள். "அண்ணி சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறாங்க. கேட்டா கால் மரத்துப்போச்சுங்கிறாங்க. முகமே சரியில்லைங்க" என்றாள். மூட்டுவாதக்காரர்களுக்குக் காலையில் உடம்பு இறுகிக் கிடப்பது ஏன் என்று அவர் ஆரம்பித்ததும், அவள் எழுந்து துணி காயப்போடப் போய்விட்டாள்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அந்தச் சின்ன எண் மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அவரை விடவில்லை. வேறு வேலை பார்க்கும்போதும் நாக்கு அங்கேயே போவதுபோல மனம் அங்கேயே போனது. அக்காவைக் குறை சொல்ல அந்த எண்ணைத்தான் ஆதாரமாகக் காட்டினார். ஆனால் அந்த எண்ணே அவர் கட்சியில் இல்லை என்பது வெள்ளிக்கிழமை காலை, சோதனைக் குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நடிக்கிறவளுக்கு வலியைக் கூட்டிச் சொல்லத் தெரியும். தன் கல்லீரலை வாயடைக்க எப்படித் தெரியும்? நடிக்கிற ஆளுக்கு எல்லோரையும் போன்ற எண் அல்லவா வந்திருக்க வேண்டும்? யாருக்குமே இல்லாத அளவு குறைந்த எண் எப்படி வரும்?

கையில் இருந்த குழாயை வைத்துவிட்டு உட்கார்ந்தார். சி.ஆர்.பி. எப்படிப் பிறக்கிறது என்று முதலிலிருந்து யோசித்தார். இதை அவர் எத்தனையோ நர்ஸ்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அக்காவுக்கு அவள் தொழிலை வைத்தே சொல்லியிருக்கிறார்.

கல்லீரல் தானாகச் சி.ஆர்.பி. செய்வதில்லை. யாராவது வந்து சொல்ல வேண்டும். சொல்கிற ஆளின் பெயர் இன்டர்லூக்கின்-ஆறு. உடம்பின் காவல் அணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ளப் பயன்படுத்தும் சின்னப் புரதங்களைச் சைட்டோகைன் என்பார்கள், அவற்றில் ஒன்று இது. இதற்கான மரபணு நம் ஒவ்வொரு செல்லிலும் ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. மரபணு என்பது தையற்கடையில் ஆணியில் தொங்குகிற வெட்டுமாதிரித் தாள் போன்றது. வெறுமனே தொங்கும்வரை அதனால் ஒரு சட்டையும் உருவாகாது. கிருமி நுழைந்ததை ஒரு வெள்ளை அணு மோப்பம் பிடித்ததும் அந்தத் தாளை எடுத்து நகல் எடுக்கிறது, நகலைப் பார்த்துப் புரதத்தைத் தைக்கிறது, தைத்ததை ரத்தத்தில் விடுகிறது. அந்தச் சேதி மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் உடம்பு சுடும். கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்தால் சி.ஆர்.பி. கொட்டும். எதிர்ப்புப் பொருள் தயாரிக்கிற அணுக்களுக்குப் போனால் அவை சுறுசுறுப்பாகும்.

இதில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த நகல் நீடித்து உழைக்காத காகிதத்தில் எடுக்கப்படுகிறது. எடுத்த கொஞ்ச நேரத்திலேயே செல் அதைக் கிழித்துப் போட்டுவிடும். சேதி தொடர்ந்து போக வேண்டுமென்றால் தொடர்ந்து புது நகல் எடுக்க வேண்டும். கிருமி ஒழிந்து நகல் எடுப்பது நின்றால் ஆர்ப்பாட்டமும் தானே அடங்கும். எரியும் அடுப்பு தானே அணைய வழி வைத்துவிட்டுத்தான் உடம்பு அடுப்பையே மூட்டுகிறது. அக்கா மாதிரி மூட்டுவாதக்காரர்களுக்கு இந்த அடங்குதல்தான் கோளாறு. கிருமியே இல்லாமல் சேதி ஓயாமல் போய்க்கொண்டிருக்கும், மூட்டு வீங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே சி.ஆர்.பி. இல்லை என்றால் இரண்டு வழிதான். ஒன்று, சேதி அனுப்பப்படவில்லை. இல்லாவிட்டால் சேதி போகிறது, கல்லீரலின் காதில் விழவில்லை. முதல் வழிதான் என்று அவர் சோதிக்காமலே முடிவு கட்டியிருந்தார்.

சோதிக்க வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்காக இன்டர்லூக்கின்-ஆறை நேரடியாக அளக்கும் வசதி அவர் ஆய்வுக்கூடத்திலேயே உண்டு. அக்காவின் ரத்தத்தில் மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது. எடுத்து ஓட்டினார்.

எண் வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. ரத்தம் முழுக்கச் சேதியாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்கு வருகிற மாதிரியான எண். அந்த உடம்பின் ஏதோ ஒரு மூலையில் வெள்ளை அணுக்கள் மரபணுவை நகலெடுத்து, நகலெடுத்து, உதவிக்கு வாருங்கள் என்று கத்திக்கொண்டிருக்கின்றன. மூளையும் கல்லீரலும் எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

"கல்லீரல் கெட்டுப்போயிருக்குமோ சார்?" என்றாள் டெக்னீஷியன். அதையும் பார்த்தார்கள். கல்லீரல் மற்ற எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. அப்படியானால் பாக்கி இருப்பது ஓரிடம்தான். சேதி ஒரு பித்தான் என்றால், அதை வாங்கிக்கொள்ளச் செல்லின் மேல் ஒரு காஜா வேண்டும். காஜாவில் நுழைந்தால்தான் பித்தான் பிடிக்கும். பித்தான்கள் வந்து குவிகின்றன, ஒன்றும் நுழையவில்லை என்றால் யாரோ காஜாவைத் தைத்து மூடியிருக்கிறார்கள்.

உடம்பு தானாக அப்படி மூடுவதில்லை. மூடுவதற்கென்றே செய்த ஊசிமருந்து ஒன்று இருக்கிறது. ஆனால் அக்கா மூட்டுவாதத்துக்குப் போட்டுக்கொள்வது அது இல்லையே, வேறொரு சேதியைப் பிடிக்கிற வேறு ஊசியாயிற்றே என்று நினைத்துக்கொண்டே அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, மூட்டுக்குப் போடுறியே ஊசி, அது பேரு என்ன?"

எதற்கு இப்போது என்று கேட்டுவிட்டுச் சொன்னாள். பழைய பெயர் இல்லை. காஜாவை மூடுகிற மருந்தின் பெயர்.

"இது எப்ப மாத்தினாங்க?"

"அஞ்சாறு மாசம் இருக்குமே. உன்கிட்ட சொன்னேனேடா."

சொல்லியிருக்கிறாள். அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து, ஊசியை மாற்றிவிட்டார்கள், இது வேறு மாதிரி, இதில் ஒரு விஷயம் கவனமாக இருக்கணுமாம் என்று அவள் ஆரம்பித்தாள். ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் பித்தானையும் காஜாவையும் எடுத்துக்கொண்டுவிட்டார். பழைய ஊசி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு மூச்சுச் சொல்லி முடித்தார். அக்கா முழுதும் கேட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள், வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கி வைக்கப் போய்விட்டாள். அவள் சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோனது.

"கவனமா இருக்கணும்னு டாக்டர் என்னக்கா சொன்னார்?"

"இந்த ஊசி போட்டுக்கிட்டா உள்ள கிருமி இருந்தாலும் காய்ச்சல் வெளியில தெரியாதாம். வயிறு வலிச்சா சும்மா இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டணும்னார். அதான் உன்கிட்ட வந்தேன்."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்காவை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு, டெக்னீஷியனிடம் சர்ஜனுக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது அக்கா முக்காலியில் இருந்தாள். இஸ்திரி போட்ட சட்டைகள் பக்கத்தில் அடுக்காக இருந்தன. நெற்றி சில்லென்று இருந்தது. நாடியைப் பிடித்தார், அது தறிகெட்டு ஓடியது. இத்தனை நாளில் அவர் அதைப் பிடித்துப் பார்க்கவே இல்லை.

மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, சர்ஜன் அக்காவின் வயிற்றில் கை வைத்ததும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வயிறு பலகையாக இருந்தது. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடலின் சுவரில் சின்னப் பை போலப் பிதுங்கிய ஓரிடம் புண்ணாகி, ஓட்டையாகி, சீழ் கசிந்து வயிற்றுக்குள் பரவத் தொடங்கியிருந்தது. இந்த வகை ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குக் குடலில் அப்படி ஓட்டை விழும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்பதும் மருத்துவ உலகம் அறிந்ததுதான். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று சர்ஜன் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

அறுவை அறைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது சர்ஜன் அக்காவிடம் கேட்டார். "இத்தனை நாள் யார்கிட்டயும் காட்டலையாம்மா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, அந்தப் பக்கம் அக்கா மகள்.

"நான்தான் டாக்டர் வெளியில சொல்லலை" என்றாள் அக்கா.

அவர் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்ன மனிதர், தனக்காக அக்கா சொன்ன பொய்யை அப்படியே நிற்கவிட்டார். கதவு மூடிக்கொண்டது. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அக்கா பிழைத்துக்கொண்டாள். சனிக்கிழமை விமானம் மகள் இல்லாமல் போனது. வார்டில் அக்கா கட்டிலருகே அவள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள். பொறுப்பாளர் வந்தால் எழுந்து இடம் கொடுப்பாள், பேச மாட்டாள். ஒருநாள் வெளித் தாழ்வாரத்தில், குடிநீர்க் குழாய் அருகே வைத்துப் பேசினாள்.

"அன்னைக்கு நீங்க போனப்புறம் அம்மாகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா மாமா? இப்படி நடிச்சா நான் போயிட்டுத் திரும்பியே வரமாட்டேன்னு சொன்னேன். நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நம்பிச் சொன்னேன்."

அவர் கையில் இருந்த தண்ணீர்க் குப்பி நிரம்பி வழிந்தது. குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை. அவள்தான் மூடினாள்.

உள்ளே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தார். ஊசி எப்படி எண்ணை மறைத்தது என்று தொடங்கிவிட்டார், வேறு எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியாது. பாதியில், தான் மன்னிப்புக் கேட்கவில்லை, தப்பித்துக்கொள்ளக் காரணம் அடுக்குகிறேன் என்பது அவருக்கே கேட்டது. நிறுத்தினார். கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

அக்கா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீ ஊசி மேல பழி போடாதேடா. எனக்கு ஒண்ணுதான் பொறுக்கலை. நீ அப்படிச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. வலிக்கும்போதெல்லாம், நிஜமா வலிக்குதா, இல்ல இவளை நிறுத்தி வைக்க நானே கிளப்பிக்கிறேனான்னு கேட்டுக்கிட்டே சட்டை தேய்ச்சேன். என் உடம்பை நானே நம்பலை."

அந்த வார்த்தை அவரைப் பிடுங்கித் தின்றது. எண்ணை மட்டும் நம்பியது ஒரு பிழை, அதை எந்த ஆய்வுக்கூடமும் செய்யும். ஒருத்தியின் வலியை அவளிடமிருந்தே பிடுங்கிக்கொண்டதற்கு என்ன பெயர் வைப்பது? எண் அவரிடம் பொய் சொல்லவும் இல்லை. கல்லீரல் சி.ஆர்.பி. செய்யவில்லை என்றுதான் அது சொன்னது. வயிற்றில் ஒன்றுமில்லை என்பது அவர் சேர்த்துக்கொண்டது.

"டாக்டர்கிட்ட நீ ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"நீ அங்க வேலை பார்க்கிறவன்டா."

"நான் சொல்லிடுறேன்."

"சொல்லு" என்றாள் அக்கா. வேண்டாம் என்பாள் என்று அவர் மனதின் ஓரத்தில் எதிர்பார்த்திருந்தார். அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

மருத்துவமனையில் மாதம் ஒருமுறை, சிக்கலான நோயாளிகளைப் பற்றிப் பேச எல்லாத் துறையினரும் கூடுவார்கள். சர்ஜன் அக்காவின் வயிற்றைப் படங்களோடு விவரித்துவிட்டு, நோயாளி வலியை வெளியில் சொல்லாததால் தாமதமாகிவிட்டது என்றார். பொறுப்பாளர் எழுந்தார். வழக்கமாக அவர் எழுந்தால் பின்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

"நோயாளி சொன்னாங்க" என்றார். "என்கிட்ட சொன்னாங்க. அவங்க என் அக்கா. எண்ணைக் காட்டி, நீ நடிக்கிறேன்னு நான்தான் வாயை மூட வெச்சேன். ஊசியை மாத்தினதையும் சொன்னாங்க. நான் கேட்கலை."

காது மடல் வரைக்கும் அவருக்குச் சுட்டது. தலை நிமிராமலே அடுத்ததைச் சொன்னார். தன் ஆய்வுக்கூடத்துக்கு இந்த மாதிரி ரத்தம் எத்தனை வந்திருக்கும், எத்தனை சின்ன எண்களைக் கேள்வி கேட்காமல் மேலே அனுப்பியிருப்பேன் என்று தனக்குத் தெரியாது என்றார். குழாயின் மேல் நோயாளியின் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, அவர் என்ன மருந்தில் இருக்கிறார் என்பது இல்லை. ரத்தம் எடுக்கிறவர்கள் கேட்பதில்லை, அளக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை, மேலே படிக்கிறவர்கள் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். காஜா மூடியிருப்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாமல் மூன்று பேரும் சரியாகவே வேலை செய்துவிட முடிகிறது.

அக்காவுக்கு ஊசியை மாற்றிக் கொடுத்த மூட்டுவாத மருத்துவர், நோயாளியிடம் சொன்னதோடு நிற்காமல் அவசரப் பிரிவுக்கும் தான் இதைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். பிறகு எல்லோரும் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள்.

ஏற்பாடு பெரியது ஒன்றுமில்லை. சில வாரங்கள் கழித்து, இடுப்புவலி என்று வந்த ஒரு பேருந்து ஓட்டுநரிடம் ரத்தம் எடுக்கும் பெண், ஊசி ஏதாவது போட்டுக்கொள்கிறீர்களா என்று புது ஏற்பாட்டின்படி கேட்டாள், அவரும் ஊசியின் பெயரைச் சொன்னார். அவருக்கும் காய்ச்சல் இல்லை, எண் இயந்திரம் அளக்கக்கூடிய அளவுக்குக் கீழே. பொறுப்பாளர் தாமே மேலே தொலைபேசியில் பேசினார். ஸ்கேன் எடுத்தார்கள், இடுப்புத் தசைக்குள் சீழ் இருந்தது, அன்றே வடித்தார்கள்.

அந்த ஏற்பாடு இதுதான். சி.ஆர்.பி.க்கு ரத்தம் எடுக்கும்போது, மூட்டுக்கோ வேறெதற்கோ ஊசி போட்டுக்கொள்கிறீர்களா, அதன் பெயர் என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும், பதிலை முழுதும் கேட்க வேண்டும். இன்டர்லூக்கின்-ஆறின் சேதியைத் தடுக்கும் ஊசி என்றால், எண்ணோடு இந்த வரியும் போக வேண்டும்: இந்த நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாததையும் சி.ஆர்.பி. குறைவாக இருப்பதையும் வைத்துத் தொற்று இல்லை என்று முடிவு செய்யக் கூடாது, நாடியைப் பாருங்கள், வலிக்கிறது என்று சொல்லும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள், ஸ்கேன் எடுங்கள்.